நியூட்ரலைசேஷன்: நடுநிலையாக்கலா, உறுத்தல்முறிப்பா?

> குற்றவியல் பாடத்தில் வரும் 'நியூட்ரலைசேஷன்' என்பதற்கு 'நடுநிலையாக்கல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

ஐயா, வணக்கம். அது அமிலத்துக்கும் காரத்துக்கும் சரி, இங்கே ஒட்டவில்லை. நடுநிலை என்றால் நமக்கு நீதிபதிதான் ஞாபகத்துக்கு வருவார், குற்றவாளி இல்லை.

1957இல் இந்தச் சொல்லை வைத்து அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிரெஷாம் சைக்ஸும் டேவிட் மாட்சாவும் சொன்னது இதுதான்: தப்புச் செய்கிறவனுக்கும் அது தப்பு என்று தெரியும். அதனால் செய்வதற்கு முன்பே மனசாட்சியின் வாயை அடைத்துவிடுகிறான். அதற்கு ஐந்து வழி. 'என் கையில் என்ன இருக்கிறது', 'யாருக்கும் நஷ்டமில்லை', 'அவனுக்கு இது வேண்டியதுதான்', 'நீங்கள் மட்டும் யோக்கியமா', 'கூட்டாளிக்காகச் செய்தேன்'.

நேற்று ஒருவர் இதற்கு 'சப்பைக்கட்டு' என்று எழுதியிருந்தார். அருமையான சொல், ஆனால் சப்பைக்கட்டு மாட்டிக்கொண்ட பிறகு கட்டுவது. குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் சிறையில் பணமோசடிக் கைதிகளிடம் பேசி, 1953இல் புத்தகமாகப் போட்டார். பணத்தில் கை வைக்கும் முன்பே, 'கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். வழக்குக் கட்டில் அது கையாடல், அவர்கள் மனக்கணக்கில் கைமாற்று!

என் பரிந்துரை: உறுத்தல்முறிப்பு. விஷமுறிவு என்கிறோமே, அந்த முறிவுதான். விஷத்துக்குப் பதில் இங்கே முறிவது மனசாட்சியின் உறுத்தல்.

--

> செய்வதற்கு முன்பே

அம்மா, 'முறிப்பு' எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சங்கடம். கைதி இதையெல்லாம் சொல்வது உள்ளே போன பிறகு. போலீஸிடம், வக்கீலிடம், பக்கத்து அறைக்காரனிடம் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை அது. அன்றைக்கே அப்படி நினைத்தானா, இப்போது அப்படி ஞாபகம் இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. இந்த ஆட்சேபம் அந்தத் துறையிலேயே பழசு.

--

நியாயம்தான். அப்படியானால் இரண்டு சொல்லாக வைத்துக்கொள்வோம். செயலுக்கு முன்னால் நடப்பது உறுத்தல்முறிப்பு. பின்னால் சொல்வது தன்விளக்கம். 1968இல் சமூகவியலாளர்கள் ஸ்காட்டும் லைமனும் தன்விளக்கத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 'போதையில் கத்தியை எடுத்துவிட்டேன்' என்பது சாக்கு: செயல் தப்பு, பொறுப்பு என்னுடையது அல்ல. 'தங்கச்சியை அடித்தான், குத்தினேன்' என்பது நியாயப்படுத்தல்: செய்தது நான்தான், ஆனால் தப்பில்லை. சப்பைக்கட்டை வகுப்பில் பேசும்போது வைத்துக்கொள்ளலாம். அகராதியில் ஏற்ற வேண்டாம், அதைச் சொன்னதுமே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.