4294967297 பகா எண்ணா? அடிச்சுச் சொல்லுங்க

அடையாறு_அரசமரம்:
இங்கே ஒரு ஞாயிறு கணித வகுப்பின் சுவரொட்டியில் 4294967297, அதாவது 2^32 + 1, பகா எண் என்று போட்டிருக்கிறார்கள். தப்பு என்று சிலர் குதிக்கிறார்கள். ஃபெர்மா சோதனை செய்தாயிற்று: 2-ஐ (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1, பகா எண்ணுக்கு வர வேண்டியது அதுதான். வேறென்ன வேணும்?

தரமணி_மீதி:
தப்பேதான் சார். 641 × 6700417. ஆய்லர் 1732-லேயே உடைச்சாச்சு. அடிமானம் 2 எடுத்ததுதான் கோளாறு. 2^32-க்கு மீதி −1, அதாவது வகுக்கிற எண்ணைவிட 1 குறைவு. அதை வர்க்கப்படுத்தினா 2^64-க்கு மீதி 1. நீங்க உயர்த்தின அடுக்கு 2^32. அது 64-இன் மடங்கு. 1 வராம என்ன வரும்? 3, 5, 17, 257, 65537 என்று 2^(2^n) + 1 வடிவில் போகும் இந்த வரிசையில் எதைக் கொடுத்தாலும் இந்தச் சோதனை தலையாட்டும்.

ஓஎம்ஆர்_ராஜா:
சி மொழியில் ஓட்டினேன், 2-க்கே மீதி 0 வருது ப்ரோ?

தரமணி_மீதி:
64 பிட்டில் ஓட்டியிருப்பீங்க. நடுவில் மீதி 2^32 ஆகும்போது அதன் வர்க்கம் சரியா 2^64. ஒரே ஒரு பிட் வழிஞ்சு 0 ஆயிடும். பெருக்கலை 128 பிட்டில் வைங்க, இல்லேன்னா பைத்தான்.

அடையாறு_அரசமரம்:
சரி, 2 வேண்டாம். ஆனால் 641-ஐத் தேடிப் பிடிப்பது குருட்டாம்போக்குதானே? வர்க்கமூலம் 65536, அதற்குள் 6542 பகா எண்கள்.

மாம்பலம்_மாமி:
6542-ம் எதுக்குப்பா? இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு 1 கூட்டினதாத்தான் இருக்கும், லூகாஸ் காட்டினது. 129, 257, 385, 513, 641. இதில் பகா எண் 257-ம் 641-ம் மட்டும். 257-க்கு மீதி 2, 641-க்கு 0. ரெண்டே வகுத்தல்!

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 2^7 + 1. அதனால 641-ஆல வகுத்தா 5 × 2^7-க்கு மீதி −1. நாலாம் அடுக்கு எடுத்தா 5^4 × 2^28-க்கு மீதி 1. 641 = 5^4 + 2^4-ம் கூட. 5^4 இருக்கிற இடத்தில் −2^4 போடு: −2^32-க்கு மீதி 1. அப்போ 2^32 + 1-க்கு மீதி 0, முடிஞ்சது.

6700417-ம் பகா எண்தான். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதோட காரணியும் அதே 128 வகைதான், அதனால அதுக்குள்ள பார்க்க வேண்டியது 257, 641, 769, 1153, 1409 அஞ்சுதான். மீதிகள் 170, 44, 120, 334, 622.

அடையாறு_அரசமரம்:
ஒப்புக்கிறேன். ஆனா சோதனையே வீண்னு சொல்லாதீங்க. இந்த வரிசை எண்களுக்கான பெபான் முறைப்படி 3-ஐ, ஒவ்வொரு தடவையும் மீதி எடுத்து, 31 தடவை வர்க்கப்படுத்தினேன். பகா எண்ணாக இருந்தால் −1 வரணும், வந்தது 10324303. இன்னொரு வர்க்கம்: 3029026160, அதுவும் 1 இல்லை. காரணியே தெரியாம பகு எண்ணுன்னு சொல்லியாச்சு.

தரமணி_மீதி:
இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாம் சார். 😀 காரணி கையில் இல்லாம எனக்குத் திருப்தி வராது.

அடையாறு_அரசமரம்:
அப்போ 2^(2^24) + 1-க்கு என்ன செய்வீங்க? 50 லட்சம் இலக்கத்துக்கு மேலே. பகு எண் என்று 1999-இல் நிரூபித்தது இதே முறைதான். காரணி ஒன்றுகூட இன்றுவரை சிக்கவில்லை.

மாம்பலம்_மாமி:
அது பெரிய எண்ணோட சங்கடம். சுவரொட்டியில 65537-னு மாத்தச் சொல்லு. 3-ஐ 15 தடவை வர்க்கப்படுத்தினா மீதி 65536, அதாவது −1 வரும், பசங்களே கால்குலேட்டர்ல பார்த்துக்கலாம். பத்து இலக்கத்துக்கு இடமிருக்கிற கால்குலேட்டரா பார்த்துக் குடு, எட்டுன்னா நடுவுல மாட்டிக்கும்.