புதுப்பிப்பு: ஹெர் குடும்பத்தின் வேர் தேடல்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் பகுதியில் முதலில் குடியேறிய மென்னோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) விவசாயிகளில் ஒன்றான ஹெர் குடும்பத்தின் பிறப்புப் பதிவுகளை எங்கே தேடலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள் என்று பலரும் சொன்னீர்கள். மென்னோனைட்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்து, தானே நம்பி ஏற்றால்தான் உண்டு. ஆக அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. கப்பல் பட்டியலும் உதவாது. பென்சில்வேனியாவில் வந்திறங்கியவர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கியதே 1727இல்தான். இவர்கள் வந்தது 1710இல்.

கைகொடுத்தது நிலப் பத்திரம்தான். 1710 அக்டோபரில் பெக்வியா ஓடைப் பக்கம் 10,000 ஏக்கருக்கு வழங்கிய ஆணையில் ஹான்ஸ் ஹெர் பெயர் இருக்கிறது.

இன்னொரு சாட்சி கல்லில். 1719இல் கட்டிய அவர்களுடைய வீடு இன்றும் நிற்கிறது. வாசல் நிலைக்கு மேலே கட்டிய ஆண்டையும் 'சிஎச் எச்ஆர்' என்ற எழுத்துகளையும் செதுக்கியிருக்கிறார்கள். அது மகன் கிறிஸ்டியன் ஹெர். ஊரார் வாயில் என்னவோ வீடு அப்பா பெயரில்தான் ஓடுகிறது!

அப்புறம், கடலுக்கு அந்தப் பக்கம். இவர்கள் கிளம்பி வந்த ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதி ஆட்சியாளர் 1664இல் மென்னோனைட்டுகளைத் தங்க அனுமதித்து, தனி வரியும் போட்டார். வரி வாங்கினால் பெயர்ப் பட்டியல் இல்லாமலா போகும்? அடுத்து அதைத்தான் புரட்டப் போகிறேன். பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.