ஸ்னூப்பிங்குக்கு என்ன சொல்? ஸ்விட்ச் அமைப்புத் திரைக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சின் (கணினிகளை வலையில் இணைக்கும் பெட்டியின்) அமைப்புத் திரைகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது, 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' மட்டும் பாக்கி. ஐஜிஎம்பி என்பது எந்தக் குழுவின் தரவு வேண்டும் என்று கணினிகள் தெரிவிக்கும் நெறிமுறை, அதை ஸ்விட்ச் நடுவில் நின்று கேட்பது ஸ்னூப்பிங். பழைய கோப்பில் 'ஒட்டுக்கேட்டல்' என்று இருக்கிறது, பக்கத்திலேயே ஆன்/ஆஃப் பொத்தான். பார்க்கிறவர் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவாரே! மல்டிகாஸ்டுக்கு, அதாவது ஒரே தரவை ஒரு குழுவில் சேர்ந்த கணினிகளுக்கெல்லாம் அனுப்புவதற்கு, 'குழுப்பரப்பு' என்று வைத்திருக்கிறேன். மெனுப் பட்டியில் இடம் குறைவு, இரண்டு சொல்லுக்கு மேல் தாங்காது.

வலைப் பொறியாளர் எழுதியது:

> முதல் வேலையாக அதை அணைத்துவிடுவாரே

நியாயமான பயம். ஸ்விட்ச் எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை வரும் ஃபிரேமின் (தரவுப் பொதியின்) அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. குழுப்பரப்பு போய்ச் சேரும் குழு முகவரி ஒருநாளும் அனுப்புநர் இடத்தில் வராது. ஆகவே அதைக் கற்க வழியே இல்லை, அந்த விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி வலையில்) உள்ள எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும். குழுப்பரப்பில் நொடிக்கு 8 மெகாபிட் வீடியோ அனுப்பும் கேமரா 40 இருந்தால் 320 மெகாபிட். 100 மெகாபிட் போர்ட்டில் இருக்கிற பிரிண்டர் என்ன செய்யும்?

ஸ்னூப்பிங்கை இயக்கினால் ஸ்விட்ச் கணினிகள் அனுப்பும் ஐஜிஎம்பி அறிக்கைகளைப் பிரித்துப் படித்து, எந்தக் குழு எந்தப் போர்ட்டுக்கு வேண்டும் என்று பட்டியல் போடும். பிறகு அந்தப் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்பும். இந்த வேலைக்கு 'ஒட்டு' என்ற முன்சொல்லே ஆகாது. 'குழுப்பரப்பு' நன்றாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

புலவர் எழுதியது:

அன்பர்களே, இதற்குச் சொல் ஆக்கவே வேண்டாம், ஆயத்தமாக இருக்கிறது. 'விரிச்சி'.

முல்லைப்பாட்டின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். வினைமேற் சென்ற தலைவன் எப்போது வருவான் என்று அறியப் 'பெருமுது பெண்டிர் விரிச்சி நிற்ப', தாய்ப்பசுவைக் காணாமல் அலமரும் கன்றிடம் ஆய்மகள் 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள். பேச்சு கன்றுக்கு, பயன் கேட்டு நின்ற பெண்டிருக்கு. தனக்கென்று சொல்லப்படாத சொல்லைக் கேட்டுத் தனக்கு வேண்டியதை அறிதல்! கணினி ரூட்டரிடம் பேசுகிறது, நடுவில் நிற்கும் ஸ்விட்ச் பயன் கொள்கிறது. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

பகைவர் ஆநிரை கவரும் வெட்சித் திணையின் துறைகளில் 'பாக்கத்து விரிச்சி' என்கிறது தொல்காப்பியம். அதே நூற்பாவில் 'ஒற்றின் ஆகிய வேயே' என்றும் வருகிறது. அந்த வேய்தான் இன்றைய 'வேவு' என்று கொள்ள இடமுண்டு. ஒற்று பகைவரிடமும் செல்வது, திருவள்ளுவர் ஒற்றாடலை அரசியலில்தான் வைத்தார். விரிச்சியில் பகை இல்லை, வஞ்சம் இல்லை. ஒட்டுக்கேட்டலில் இருக்கிற இழுக்கும் இதில் இல்லை. குழுவிரிச்சி, விரிச்சிப் பட்டியல், விரிச்சிநிலை என்று கிளைகளும் எளிதில் வரும்.

பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது:

ஐயா, படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் என் வகுப்பில் 'விரிச்சி' என்று எழுதினால் விரிதல், விரிப்பு என்று நினைத்து 'எல்லாப் போர்ட்டுக்கும் விரித்து அனுப்புவது' என்றே எடுத்துக்கொள்வார்கள். நேர் எதிர்ப்பொருள். அருஞ்சொற்பொருள் போட்டு நெட்வொர்க்கிங் நடத்த முடியாது.

'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' என்று தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள் என்பேன். மாணவர் நாளைக்கு இன்னொரு ஸ்விட்ச்சில் தேடப்போவது அந்தப் பெயரைத்தான்.

புலவர் எழுதியது:

> அருஞ்சொற்பொருள் போட்டு நெட்வொர்க்கிங் நடத்த முடியாது

'ஸ்னூப்பிங்' என்பதற்கும் நீங்கள் பொருள் சொல்லித்தானே தொடங்குகிறீர்கள்? அந்த ஒரு நிமிடத்தைத் தமிழ்ச்சொல்லுக்குக் கொடுப்பதில் என்ன நட்டம்? புழங்கினால்தான் எந்தச் சொல்லும் எளிதாகும். 'கணினி' என்ற சொல்லும் ஒருநாள் புதுச்சொல்தான்.

வலைப் பொறியாளர் எழுதியது:

ஐயா, உவமையில் ஓரிடம் இடிக்கிறது. ஐஜிஎம்பி இரண்டாம் பதிப்பில் உறுப்பினர் அறிக்கை ரூட்டர் முகவரிக்குப் போவதில்லை, குழு முகவரிக்கே போகிறது. அதைக் கேட்ட இன்னொரு உறுப்பினர், 'ஒருவர் சொல்லிவிட்டார், போதும்' என்று தன் அறிக்கையை அடக்கிக்கொள்வார். அடக்கிக்கொண்டால் அவருடைய போர்ட் பட்டியலில் ஏறாது. ஆகவே ஸ்விட்ச் ஓர் உறுப்பினரின் அறிக்கையை மற்ற உறுப்பினர்களுக்குக் காட்டாமல், ரூட்டர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டும் என்கிறது 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541 என்ற இணைய நெறிமுறை ஆவணம். விரிச்சி நின்ற பெண்டிர் ஆய்மகள் பேச்சை மறிக்கவில்லையே! 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த அடக்கம் இல்லை, அறிக்கையும் 224.0.0.22 என்ற தனி முகவரிக்குப் போகிறது. ஆனால் பழைய கருவிகள் இன்னும் ஏராளம்.

ஸ்னூப்பிங்குக்குக் 'குழுக்கேட்பு' என்று வைக்கலாம் என்பேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'குழுக்கேட்பு' எனக்கும் பிடித்தது. ஆனால் அடுத்த திரையில் ஐபி பதிப்பு 6-க்கான எம்எல்டி ஸ்னூப்பிங் வருகிறது, அங்கே ஐஜிஎம்பியின் வேலையை எம்எல்டி என்ற நெறிமுறை செய்கிறது. அந்த நெறிமுறையின் பெயரிலேயே குழுவில் சேர்ந்த கணினிக்குக் 'கேட்போர்' என்றுதான் பெயர். ஸ்விட்ச் செய்வதும் கேட்பு என்றால் 'கேட்போர் கேட்பு' ஆகிவிடும். எவர் கேட்போர், எது கேட்பது?

'குழுக்கவனிப்பு' என்று வைக்கலாமா? இன்னொன்று: எந்தக் குழு யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் 'குவெரியர்' என்பதற்கும் சொல் வேண்டும்.

புலவர் எழுதியது:

அதற்கு 'வினவி'. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்ற தொல்காப்பிய நூற்பா ஒன்று போதும். வினவுவது ரூட்டர், செப்புவது கணினி. அறிக்கையையும் 'செப்பு' என்றே வைக்கலாம்.

ஆனால் 'கவனிப்பு' வேண்டாம். விருந்தினரைக் கவனிப்பது, நோயாளியைக் கவனிப்பது என்று அது பேணுதல் பக்கம் போய்விட்டது.

பாலிடெக்னிக் ஆசிரியர் எழுதியது:

'வினவி' அருமை, மறுபேச்சில்லை. 'செப்பு' என்றால் செம்பா, சிமிழா என்று கேட்பார்கள். அதை 'அறிக்கை' என்றே விடுங்கள்.

வலைப் பொறியாளர் எழுதியது:

'வினவி' எனக்கும் சம்மதம். அந்தத் திரையில் ஒரு குறிப்புரையும் சேர்த்துவிடுங்கள். ரூட்டர் இல்லாத வலையில் ஸ்னூப்பிங்கை மட்டும் இயக்கி, வினவியை இயக்காமல் விட்டால், வீடியோ ஒழுங்காகத் தொடங்கும், நாலு நிமிடம் கழித்து நின்றுவிடும். குழுவில் சேரும்போது கணினி தானாக ஓர் அறிக்கை அனுப்பும். பிறகு யாராவது கேட்டால்தான் மறுபடி சொல்லும். வழக்கமான அமைப்பில் வினவி 125 நொடிக்கு ஒருமுறை கேட்கும், பதில் சொல்ல 10 நொடி. இரண்டு வினா வரை காத்திருந்து, 260 நொடியில் ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கேபிளை மாற்றி, கேமராவை மாற்றி அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'வினவி: அணைக்கப்பட்டது' என்று திரையில் பளிச்சென்று தமிழில் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஸ்னூப்பிங்குக்குக் 'குழுக்கவனிப்பு' போதும். 'கண்காணிப்பு' என்று மட்டும் போய்விடாதீர்கள். அது கேமராவுக்கே போய்ச் சேர்ந்துவிட்ட சொல்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பட்டியில் 'குழுக்கவனிப்பு', குறிப்புரையில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' என்ற பெயரும் இருக்கும், தேடுபவர்களுக்கு உதவும். குவெரியர் 'வினவி', 260 நொடிக் குறிப்பும் சேர்கிறது. இன்று இரவு கோப்பை அனுப்புகிறேன்.

புலவர் எழுதியது:

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் மாற்றுக்கருத்து அப்படியே நிற்கிறது. ஆசிரியர் சொன்ன எதிர்ப்பொருள் மயக்கம் உண்மைதான், அதற்கு விடை தேடுகிறேன். 'விரிச்சிகேள்' என்று வினையோடு சேர்த்துச் சொன்னால் 'விரித்து அனுப்புதல்' என்ற மயக்கம் வராது என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுப்போம்.