கிரேக்க வார்ச் செருப்பு: விரலிடைத் துளை கிழிந்துகொண்டே இருக்கிறது

ஏதென்ஸில் வசிக்கிறேன். இன்னும் ஐந்து வாரத்தில் மராத்தான் சமவெளியில், கி.மு. 490இல் அங்கே பாரசீகரோடு போரிட்ட கிரேக்கப் படைவீரர் வேடத்தில் அணிவகுக்கிறோம். நானே தைத்த செருப்பு மூன்று கிலோமீட்டர் தாண்டுவதில்லை. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் நுழையும் துளை நீண்டு, முன்பக்கமாகக் கிழிந்துவிடுகிறது. வலது காலில்தான் முதலில்.

மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். அடித்தோல் 4 மி.மீ., வார் 2 மி.மீ. முதலில் வாரை அடியில் முடிச்சிட்டேன். சரளைக்கல்லில் முடிச்சே தேய்ந்துபோனது. பிறகு இரண்டு அடுக்காக்கி, வார் நுனியை நடுவில் வைத்து மெழுகு நூலால் தைத்தேன். துளைக்குப் பதில் கீறலும் போட்டுப் பார்த்தேன். தேன்மெழுகு தடவியதும் தோல் இன்னும் இளகிவிட்டது.

குடுவை ஓவியங்களில் வெறுங்கால் வீரர்கள் நிறைய, அப்படியே வா என்கிறார்கள் நண்பர்கள். இங்கே அகோரா என்ற பழங்காலச் சந்தைத் திடலின் ஓரத்தில், சீமோன் என்ற செருப்புத் தொழிலாளியின் வீடு எனக் கருதப்படும் இடத்தில் இரும்பு ஆணிகளும் எலும்பு வளையங்களும் கிடைத்திருக்கின்றன. அந்த ஊரில் இருந்துகொண்டு வெறுங்காலோடு போக எனக்கு மனம் வரவில்லை. நைலான், ரப்பர் இரண்டும் வேண்டாம்.

தோல் வேலை தெரிந்தவர்களே, விரலிடைத் துளை கிழியாமலிருக்க வாரை எப்படிப் பொருத்த வேண்டும்?