ஓர்கிட் இலை சுருங்குகிறது, தண்ணீர் ஊற்ற ஊற்ற மோசமாகிறது. யாராவது சொல்லுங்கள்

உருத்திரபுரத்து முற்றம் | ஓகஸ்ட் 9

வணக்கம். வீட்டில் 3 ஓர்கிட் சாடிகள் இருக்கின்றன. இரண்டு டென்ட்ரோபியம், ஒன்று பலனொப்சிஸ். தை மாதம் கண்டிக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. பங்குனி வரைக்கும் பூ நின்றது, நல்ல வடிவு.

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியபின் இலைகள் சுருங்கத் தொடங்கின. காற்றும் வெயிலும் காய்ச்சுகிறதாக்கும் என்று காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றினேன். கீழே தட்டும் வைத்தேன், அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். இப்போது பலனொப்சிஸின் இலைகள் கிழவியின் கைபோலச் சுருக்கம் விழுந்து தொங்குகின்றன. டென்ட்ரோபியத்தின் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன.

டென்ட்ரோபியம் இரண்டையும் வைகாசியில் நானே சாடி மாற்றினேன். செம்மண், மாட்டெரு, தும்புத்தூள் சம அளவு. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அப்படித்தான் போடுவேன், நன்றாகத்தான் வரும். பலனொப்சிஸ் வாங்கிய பிளாஸ்ரிக் சாடியிலேயே இருக்கிறது, அதைப் பூப்போட்ட பீங்கான் சாடிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா முட்டைக்கோது நொறுக்கிப் போடச் சொன்னார். போடலாமா?

வவுனியாக் கிணற்றடி | ஓகஸ்ட் 9

முட்டைக்கோது வேண்டாம். உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பே போதும்.

தண்ணீரை உடனே நிறுத்துங்கள். தட்டை எடுங்கள். பீங்கான் சாடிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா?

உருத்திரபுரத்து முற்றம் | ஓகஸ்ட் 9

இல்லை. தூக்கிப் பார்த்தேன், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அய்யோ.

ஒட்டுசுட்டான் பழைய தோட்டக்காரன் | ஓகஸ்ட் 10

தங்கச்சி, இலை சுருங்கினால் தாகம் என்று நினைப்பது எல்லாருக்கும் வரும் பிழைதான். நானும் அப்படி நாலு செடியைக் கொன்றவன். தாகம் என்பது சரி. ஆனால் சாடியில் தண்ணீர் இருந்தும் அதைக் குடிக்க வேர் இல்லை. அழுகிப்போயிற்று. நீங்கள் ஊற்ற ஊற்ற மிச்சம் இருக்கிற வேரும் அழுகும், இலை இன்னும் சுருங்கும், நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள்.

இந்தச் செடிகளுக்கு மண் சொந்த இடமே இல்லை. மரத்தில் ஒட்டி வளர்கிற சாதி. நம்முடைய வறண்ட வலயக் காடுகளிலேயே வண்டா டெசலாட்டா என்ற ஓர்கிட் இருக்கிறது. கிளையைப் பற்றிக்கொண்டு வேரைக் காற்றில் தொங்கவிட்டபடி இந்தச் சோளகத்தையும் தாங்கி நிற்கும். (அதைப் போய்ப் பிடுங்கி வராதீர்கள். காட்டில் இருக்கட்டும்.) வேரின் மேலே வெள்ளையாகத் தெரிவது வெலமன் என்கிற பஞ்சுத்தோல். மழை பட்டால் சட்டென்று உறிஞ்சும், உள்ளே இருக்கிற பச்சை தெரியும். காய்ந்தால் திரும்ப வெள்ளி நிறமாகும். இந்த நனைதலும் காய்தலும்தான் அதன் மூச்சு. மாட்டெருவும் தும்புத்தூளும் சேர்ந்த மண்ணுக்குள் அது எப்படி மூச்சு விடும்?

மூன்றையும் வெளியே எடுங்கள். ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறம் எப்படி இருந்தாலும் உயிர் இருக்கிறது, வெட்ட வேண்டாம். மண்ணிறமாகச் சொதசொதவென்று அமுங்கினால் செத்தது. வெட்டுகிற கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டுங்கள். ஓர்கிட்டுக்கு வைரஸ் தொற்றுவது பெரும்பாலும் கத்தரிக்கோலால்தான்.

உருத்திரபுரத்து முற்றம் | ஓகஸ்ட் 10

எடுத்துவிட்டேன் அண்ணை. பொச்சு (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட குழியில் வருமே ஒரு நாற்றம், அதே நாற்றம். பலனொப்சிஸின் வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று கையோடு வருகிறது, உள்ளே நூல்போல ஒரு நார் மட்டும் செடியில் மிஞ்சுகிறது. நடுவில் ஒரு பாசி உருண்டை இருந்தது, பிழிந்தால் தண்ணீர் ஒழுகுகிறது. அதை நான் வைக்கவில்லை, வாங்கும்போதே இருந்திருக்க வேண்டும். கெட்டியான வேர் 2 மிச்சம், இரண்டும் சாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை.

டென்ட்ரோபியம் பரவாயில்லை. பாதி வேர் இருக்கிறது, ஆனால் நுனிகள் கறுத்திருக்கின்றன. அதுவும் அழுகலா?

வவுனியாக் கிணற்றடி | ஓகஸ்ட் 10

வேரின் உடம்பு கெட்டியாக இருந்து நுனி மட்டும் கறுத்தால் அழுகலைவிட உப்பின் வேலை என்றுதான் நினைப்பேன். சாடி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? கேத்திலுக்குள்?

உருத்திரபுரத்து முற்றம் | ஓகஸ்ட் 10

கேத்திலைக் கேட்காதீர்கள். மாதம் ஒருமுறை தேசிக்காய் போட்டுச் சுரண்டுகிறோம். சாடி விளிம்பிலும் இருக்கிறது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஊற்றினால் சரிவருமா?

வவுனியாக் கிணற்றடி | ஓகஸ்ட் 11

பாதிதான் சரிவரும். கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்திலில் படியும். உவர் போகாது, தண்ணீர் ஆவியாகக் குறைவதால் இன்னும் செறிவாகும். ஆவணியில் கிணறு வற்றும் நேரம் இது, உப்பு கூடத்தான் இருக்கும். குடிக்க வாங்குகிற ஆர்ஓ (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீர் 3 செடிக்கு வாரம் ஒரு போத்தல் இரண்டு போத்தல் போதும். மாரி வந்தால் கூரைப் பீலித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீர்தான் வழி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள். அடியால் ஓடி வழியும்வரை ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். பசளையும் பக்கற்றில் போட்டிருக்கிற அளவில் கால்வாசி, அதுவும் முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்த பிறகு.

முள்ளியவளை நிழல் | ஓகஸ்ட் 11

நான் எல்லாச் செடிக்கும் பழைய தேயிலைச்சாயம் ஊற்றுகிறேன், நன்றாகத்தான் இருக்கின்றன.

ஒட்டுசுட்டான் பழைய தோட்டக்காரன் | ஓகஸ்ட் 11

ரோசாவுக்கு ஊற்றுங்கள் தம்பி. சீனி போட்டதென்றால் எறும்புக்கு விருந்து.

சரி, தங்கச்சிக்கு. வேரை வெட்டிய செடியை நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தொட்டு வைக்கலாம், நல்ல வேரில் படக்கூடாது, அதையும் காய்த்துவிடும். புதுச் சாடிக்குச் சிரட்டைக் கரியும் ஓட்டுத்துண்டும் பொச்சுத்துண்டும் கலந்து போடுங்கள், ஒவ்வொரு துண்டும் பெருவிரல் நகமளவு. பொச்சை 3 நாள் ஊறப்போட்டுத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவுங்கள், சாயம் இறங்கட்டும். எங்கள் பக்கத்து மாரி ஈரத்துக்கு நான் பொச்சு கால்வாசிதான் போடுவேன். அதுவும் இரண்டு வருடத்தில் உக்கித் தூளாகி மண்போலவே அடைத்துவிடும், அப்போது மாற்ற வேண்டும்.

சாடி சிறியதாக இருக்கட்டும். பெரிய சாடி போட்டால் நடுவில் ஈரம் நிற்கும். செடி ஆடாதபடி ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆடினால் புது வேர் நுனி உராய்ந்து முறியும், இதை யாரும் சொல்வதில்லை. வெளியே நீட்டுகிற வேரை உள்ளே திணிக்காதீர்கள். டென்ட்ரோபியத்தில் இலை கொட்டிய பழைய தண்டுகளையும் வெட்டாதீர்கள், தண்ணீரும் சாப்பாடும் அதில்தான் சேமிப்பு.

மாற்றியபின் 3, 4 நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும். நாட்காட்டி பார்த்து ஊற்றக்கூடாது. காலையில் ஊற்றுங்கள், பலனொப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுங்கள்.

உருத்திரபுரத்து முற்றம் | ஓகஸ்ட் 12

ஓட்டுத்துண்டுக்குக் குறைவே இல்லை. பழைய வீட்டின் ஓடுகள் வேலியோரம் உடைந்து குவிந்து கிடக்கின்றன, இத்தனை வருடமாய் யாரும் தொடவில்லை. இன்று பிள்ளைகள் சுத்தியலோடு உட்கார்ந்து நொறுக்குகிறார்கள்.

2 வேர்க்காரிக்கு நம்பிக்கை இருக்கிறதா?

வவுனியாக் கிணற்றடி | ஓகஸ்ட் 12

அரைவாசிக்குக் குறைவு. நிழலில் வைத்து, சாடிக்குச் சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், இலையால் போகிற தண்ணீரைக் குறைக்க வேண்டும். சிலர் கண்ணாடிபோன்ற பொலித்தீன் பைக்குள் வைத்து மூடுவார்கள், நம்முடைய வெயிலில் அது அவியும். இன்னொன்று, பலனொப்சிஸுக்கு நம்முடைய வெக்கையைவிடக் கண்டியின் மிதமான சூடுதான் சுகம். அடுத்த தடவை டென்ட்ரோபியமே வாங்குங்கள்.

முள்ளியவளை நிழல் | ஓகஸ்ட் 14

இடையில் என் கேள்வி: கூடையில் தொங்குகிற வண்டாவுக்கு வேர் எல்லாம் கம்பிபோலக் காய்ந்துவிட்டது. மேலே சொன்னதைப் படித்துத் தண்ணீரைக் குறைத்தேன், இன்னும் மோசம்!

ஒட்டுசுட்டான் பழைய தோட்டக்காரன் | ஓகஸ்ட் 14

அது சாடிக்காரிக்குச் சொன்னது தம்பி! வெறும் வேரில் தொங்குவதை இந்தக் காற்று அரை மணித்தியாலத்தில் காய்த்துவிடும். தினமும் காலையில் வாளித் தண்ணீரில் வேரை இறக்கி, பச்சையாக மாறும்வரை விடுங்கள், 15 நிமிடம் அளவில். பிறகு வழியவிட்டுத் தொங்கவிடுங்கள். காற்று நேரே அடிக்காத பக்கமாக.

உருத்திரபுரத்து முற்றம் | ஒக்ரோபர் 20

வெகு நாளாய் எழுதவில்லை, மன்னிக்கவும். பலனொப்சிஸ் போய்விட்டது. புரட்டாசியில் நடுக்குருத்துக் கழன்று கையோடு வந்தது.

டென்ட்ரோபியம் இரண்டும் பிழைத்தன. ஒன்றில் தண்டின் அடியில் 3 வேர் புதிதாக வந்திருக்கிறது, வெள்ளை, நுனி மட்டும் இளம்பச்சை, தீக்குச்சித் தலை அளவு. காலையில் எழும்பினால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். முதல் மழையின் தூசித் தண்ணீரை ஓடவிட்டு இரண்டாம் மழையில் பீலியடியில் பரல் வைத்துவிட்டேன். அடைமழை வந்தால் சாடிகளை விறாந்தைக்குள் எடுக்கவா, தாழ்வாரமே போதுமா?

வவுனியாக் கிணற்றடி | ஒக்ரோபர் 20

தாழ்வாரம் போதும், சாரல் அடிக்காத பக்கம். நாள்கணக்கில் விடாமல் பெய்தால் உள்ளே எடுங்கள்.

உருத்திரபுரத்து முற்றம் | ஒக்ரோபர் 21

எடுத்தாயிற்று. ஆனால் இன்று கோழி விறாந்தையில் ஏறி ஒரு சாடியின் கரியெல்லாம் கிளறிவிட்டது. வேர் தப்பியது. கோழிக்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.