1,500 குதிரைத்திறன் இருந்தும் தடத்தில் பிடிப்பு இல்லை: என்ன செய்யலாம்?

பின்சக்கரம் (கேள்வி):
வணக்கம். எங்கள் டிராக் (drag, நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும்) பந்தயக் காரின் டர்போ இன்ஜின் ஏறக்குறைய 1,500 குதிரைத்திறன் தருகிறது. ஆனால் முதல் 60 அடிக்குள்ளேயே பின் டயர்கள் சுழன்று புகைந்துவிடுகின்றன. டயரில் காற்றைக் குறைத்தும் பயனில்லை. இந்தப் பந்தயத்தின் மிக வேகமான பிரிவான டாப் ஃபியூயல் கார்கள் 11,000 குதிரைத்திறனுடன் 1,000 அடியை நான்கு நொடிக்குள் கடக்கும்போது, எங்களுக்கு ஏன் பிடிப்பு கிடைக்கவில்லை? இன்னும் அகலமான டயர் வாங்க வேண்டுமா?

கிளட்ச் தட்டு:
டயருக்கு முன்பு, திறனை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். டாப் ஃபியூயல் காரில் வேகம் மாற்றும் கியர்பாக்ஸே கிடையாது; பல தட்டுகள் கொண்ட கிளட்ச் வேண்டுமென்றே வழுக்கவிடப்பட்டு, முன்கூட்டியே அமைத்த நேரக் கணக்கின்படி சிறிது சிறிதாக இறுகி, ஓட்டத்தின் பிற்பகுதியில்தான் முழுமையாகப் பிடித்துக்கொள்கிறது. பின் டயரில் ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. காற்றே இருப்பதால், புறப்படும்போது பக்கச்சுவர் மடிந்து, தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது. வேகம் கூடியதும் அதே டயர் உயர்ந்து விரிந்து, கியர் மாற்றியதைப் போன்ற பலனைத் தருகிறது. டன் கணக்கில் அழுத்தும் பின் இறக்கையும் வேகம் வந்த பிறகே உதவும் என்பதால், முதல் 60 அடிக்கு அதை நம்ப முடியாது. உங்கள் காரில் கிளட்ச்சின் வேலையை பூஸ்ட்தான் (டர்போ இன்ஜினுக்குள் செலுத்தும் காற்றழுத்தம்) செய்ய வேண்டும்: குறைவாகத் தொடங்கி, நேரத்தைப் பொறுத்து ஏற்றுங்கள்.

அறுபதடி:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால் டயரின் நடுப்பகுதி தரையை விட்டு எழும்பி, ஓரங்கள் மட்டுமே சுமையைத் தாங்கும். திறனை மிகவும் குறைத்தாலும் தொல்லைதான். டயர் போதுமான வேகத்தில் சுழலாமல் மடிந்து விடுபட்டுக் கார் முழுவதும் அதிரத் தொடங்கும், அப்போது திறனைச் சற்றுக் கூட்டுவதே மருந்தாகும். டிரைவ்ஷாஃப்ட் (திறனைப் பின்சக்கரங்களுக்குக் கடத்தும் சுழல்தண்டு) வேகத்தைப் பதிவு செய்கிறீர்களா? வெயிலில் சூடேறிய தடம் பிடிப்பை இழக்கும் என்பதால், தடத்தின் வெப்பநிலையையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம்:
மிக்க நன்றி. பதிவைத் திறந்து பார்த்தோம். புறப்பட்ட அரை நொடியில் டிரைவ்ஷாஃப்ட் வேகம் செங்குத்தாக எகிறுகிறது; அதே இடத்தில்தான் பூஸ்ட்டும் உச்சத்தைத் தொடுகிறது. டயரை மாற்றாமல், அடுத்த ஓட்டத்தில் பூஸ்ட் ஏறும் வேகத்தை மட்டும் குறைத்துப் பார்க்கிறோம்.