ஜூட்டாக்ஸாவுக்கு எண் இல்லாமல் போன அந்த மாதம்: உங்களுக்கு என்ன நடந்தது?

எட்டுக்கால்

2020 ஜூலை. இணைப் பேராசிரியர் நேர்முகம். கொரோனா காலம், அதனால் வீட்டில் கணினி முன்னால் சட்டையை மட்டும் இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். என் பேப்பர்களில் முக்கியமான ஐந்தும் ஜூட்டாக்ஸா என்ற ஜர்னலில் வந்தவை. எல்லாம் குதிக்கும் சிலந்திகள். அதில் நான்கு அறிவியலுக்கே புதிய இனங்கள்.

ஜூன் கடைசியில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிளாரிவேட் நிறுவனம் இம்பேக்ட் ஃபேக்டர் பட்டியலை (ஒரு ஜர்னலின் பேப்பர்களுக்கு எவ்வளவு மேற்கோள் வருகிறது என்று காட்டும் எண்) வெளியிட்டபோது 33 ஜர்னல்களுக்கு எண் தராமல் நிறுத்திவைத்தது. தன் பக்கங்களையே அதிகமாக மேற்கோள் காட்டுகின்றன என்பது காரணம். அந்த 33-இல் ஜூட்டாக்ஸாவும் இருந்தது. விலங்குகளில் புது இனங்களை விவரிப்பதற்கென்றே 2001-இல் ஆக்லாந்தில் தொடங்கிய ஜர்னல் அது. உலகத்தில் அதிகமாகப் புது விலங்கினங்கள் பெயர் பெறும் இடமும் அதுதான். ஒரு சிலந்திக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவன் முன்னால் அதே ஜர்னலில் வந்த விவரிப்புகளைக் காட்டாமல் எப்படி எழுத முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் ஒருவர் மதிப்பெண் ஷீட்டைத் திரையில் பகிர்ந்திருந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதி உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பேப்பருக்கும் மதிப்பெண்: ஒன்றுக்குக் குறைவான எண் உள்ள ஜர்னல் என்றால் 10, எண்ணே இல்லாவிட்டால் 5. ஜூட்டாக்ஸாவின் எண் அதுவரை ஒன்றை ஒட்டித்தான் இருந்தது, எனக்கு ஐந்து கட்டத்திலும் 10 என்று போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு கட்டமாகப் போய் 10-ஐ அழித்து 5 என்று தட்டினார். மைக்கை அணைக்கவில்லை. அந்தக் கீபோர்டு சத்தம் ஐந்து முறை கேட்டது. கடைசிக் கட்டத்தில் என்டர் தட்டியதும் கீழே இருந்த கூட்டல் 75-க்குக் கீழே இறங்கியது. அந்த விதிப்படி 75 இல்லாவிட்டால் தகுதியே இல்லை.

"வேறு ஏதாவது இருக்கிறதா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"நான்கு புது இனம் இருக்கிறது" என்றேன்.

"அதற்கு இந்த ஷீட்டில் கட்டம் இல்லையே."

உலகம் முழுக்க வகைப்பாட்டியல்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஜூலை முடிவதற்குள் ஜூட்டாக்ஸாவுக்கு எண் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அந்தப் பதவி வரவில்லை. இன்னும் எங்காவது யாராவது வேகமாகத் தட்டச்சு செய்தால் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

வயல்நண்டு

எனக்கு எண்ணால் வந்த சிக்கல் இல்லை, ஸ்கோப்பால் வந்தது, அதாவது எந்த மாதிரிப் பேப்பரை எடுப்போம் என்று ஜர்னல் போட்டுக்கொள்ளும் எல்லையால். மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் நண்டு, மூன்று மழைக்காலம் ஓடைகளில் நின்று சேர்த்த வேலை. 'விலங்கியல்' என்று தலைப்பிலேயே வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அனுப்பினேன், காலையில் காபி போடுவதற்குள் பதில். மூன்று வரி. வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் "வட்டார ஆர்வம் மட்டுமே உள்ளது, முழுக்க விவரிப்பு சார்ந்தது."

வட்டார ஆர்வம். அந்த நண்டு உலகத்தில் அந்த ஓடைகளில் மட்டும்தான் இருக்கிறது! அது வேறு எந்த வட்டாரத்துக்குப் போய் ஆர்வம் தேடும்? அந்த ஜர்னலின் முகப்பில் "விலங்கியலின் எல்லாப் பிரிவுகளும்" என்று எழுதியிருந்தது. பிறகு அதன் இரண்டு வருட உள்ளடக்கத்தைப் புரட்டினேன். நடத்தை, உடலியங்கியல், மரபணு. விவரிப்புப் பேப்பர் ஒன்றுகூட இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் பார்க்கவே இல்லை.

குழுவில் இருந்தவன்

எட்டுக்கால், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டங்களை அழித்தவரை வில்லனாகப் பார்க்காதீர்கள்.

நான் இருந்த ஒரு குழுவில் சிலந்தியோ நண்டோ தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நேர்முகம் தொடங்குவதற்கு முன்னால் தலைவர் ஒரு கடிதத்தை எங்களிடம் காட்டினார். பெரிய இடத்துச் சிபாரிசு. காட்டிவிட்டு டீ சாசருக்கு அடியில் வைத்தார். அன்று முழுவதும் அந்தக் கடிதத்தின் ஓரம் சாசருக்கு வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. எங்களால் அதை மீற முடிந்ததற்கு ஒரே காரணம் மதிப்பெண் ஷீட். யாரையும் தெரியாத, அரசுப் பள்ளியில் படித்து வந்த ஒரு பெண் மேலே இருந்தார், கடிதக்காரர் கீழே இருந்தார். எண் இல்லாவிட்டால் அன்றைக்குச் சாசர்தான் ஜெயித்திருக்கும்.

ஜூட்டாக்ஸா விஷயத்தில் நடந்தது தவறு என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை. எண் எல்லாமே தவறு என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எட்டுக்கால்

சார், அவரை நான் வில்லன் என்று சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்டார் என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது எனக்கும் சந்தோஷம். ஆனால் நீங்கள் சொல்வது ஷீட் வேண்டும் என்பதற்கான காரணம். அந்த ஷீட்டில் இந்த எண்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அது காரணம் ஆகாது. ஒருவர் எத்தனை இனத்தை விவரித்தார், ஹோலோடைப் (புது இனத்தின் பெயருக்கு ஆதாரமான ஒரே மூல மாதிரி) எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் கட்டம் போட்டுக் கேட்கலாமே. எண்ணிப் பார்க்கக் கூடியதுதானே அதுவும்.

தென்னந்தோப்பு

நான் வகைப்பாட்டியல்காரன் இல்லை, பூச்சியியல் படித்துவிட்டு விவசாயிகளோடு வேலை செய்கிறவன். 2016 பொள்ளாச்சி. தென்னை ஓலையின் அடிப்பக்கம் முழுக்க மாவு தூவியது போல வெள்ளை மெழுகு, சுருள் சுருளாக. அதிலிருந்து வடியும் தேன் போன்ற பிசுக்கு கீழ் ஓலைகளில் விழுந்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே புகை பிடித்த சமையல்கட்டு மாதிரி ஆகியிருந்தது.

ஒரு அம்மா ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுக்குப் பேரு என்னங்க சார்?"

நான் பழைய சுருள் வெள்ளை ஈ என்றேன். அது தொண்ணூறுகளிலிருந்தே நம் ஊரில் இருக்கிறது, கொய்யாவில் பார்த்திருப்போம். அந்த அம்மா ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது இல்லீங்க. அது எங்க வீட்டுக் கொய்யாவுல இருக்குது, எனக்குத் தெரியுமுங்க. இது வேற" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது.

சரியாகப் பார்த்தவர்கள் கூட்டுப்புழுவை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சொன்னார்கள்: அலூரோடைகஸ் ருஜியோபெர்குலேட்டஸ். அதன் முதுகில் உள்ள சின்ன மூடியில் சுருக்கம் இருக்கும், பெயரே அந்தச் சுருக்கத்தால் வந்தது. இந்தியாவில் அது தென்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பெயர் வைத்த பேப்பரைத் தேடி எடுத்தேன். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற சின்ன நாட்டு வெள்ளை ஈக்களைப் பற்றி மார்ட்டின் என்பவர் எழுதிய நூற்றுச் சொச்சம் பக்கம். வந்த வருடம் 2004. வந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? ஜூட்டாக்ஸா.

பெயர் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இதே ஈயை அடக்கும் என்கார்சியா குவாடலூப்பே என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவி தோப்புகளிலேயே இருப்பது தெரிந்தது. மருந்து அடித்தால் அதுவும் செத்துப்போகும், அடிக்காதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடிந்தது. ஒட்டுண்ணி தாக்கிய ஈக்கள் இருந்த ஓலைத் துண்டுகளை மற்ற தோப்புகளுக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். மஞ்சள் ஒட்டும் பொறி, கரும்பூசணத்துக்கு மைதா மாவுக் கரைசல். தப்பான பெயரோடு போயிருந்தால் எதைத் தேடியிருப்போம்?

இப்போது கணக்கைப் பாருங்கள். இம்பேக்ட் ஃபேக்டர் என்பது முந்தைய இரண்டு வருடப் பேப்பர்களுக்கு இந்த வருடம் வந்த மேற்கோள்களை, அந்தப் பேப்பர்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 2004 பேப்பர் 2005, 2006 ஆகிய இரண்டு வருட எண்ணில் மட்டும்தான் சேரும். பெலீஸ் நாட்டு வெள்ளை ஈயை அந்த இரண்டு வருடத்தில் யார் தேடியிருப்பார்கள்? பொள்ளாச்சிக்கு அது தேவைப்பட்டபோது 12 வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு தென்னை வெள்ளை ஈயைப் பற்றி எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினாலும் ஜூட்டாக்ஸாவின் எண்ணில் ஒரு புள்ளிகூட ஏறாது.

வயல்நண்டு, உங்கள் எடிட்டர் பெலீஸ் பேப்பரையும் வட்டார ஆர்வம் என்றுதான் சொல்லியிருப்பார்.

கடலோரம்

சின்னதாக ஒன்று. என் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியில் என்னை நிறுத்திவிட்டார். லுட்ஜானஸ் ஜானி என்ற மீனை என் ஆய்வேட்டில் இருபது இடத்தில் எழுதியிருந்தேன், ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் பெயர் வைத்தவரும் வருடமும்: 'பிளாக், 1792'. "யாரம்மா அந்த ஜான்?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். அவர் நம் கரையில் பிடித்த மீன்களை பெர்லினில் இருந்த பிளாக்குக்கு அனுப்பினார். நான் மூன்று வருடம் மீன் அளந்த இறங்குதளத்திலிருந்து தரங்கம்பாடி பஸ்ஸில் ஒரு மணி நேரம். அன்றைக்கு முகம் சுருங்கிப்போய் நின்றேன்.

அப்புறம்தான் கவனித்தேன். பெயருக்குப் பக்கத்தில் 'பிளாக், 1792' என்று இருபது தடவை எழுதியும் என் மேற்கோள் பட்டியலில் பிளாக் இல்லை. ஆசிரியர் பெயரை எழுதுவது வழக்கம், ஆனால் மூலப் பேப்பரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எங்கள் துறையில் யாரும் சொன்னதில்லை. பட்டியலில் இல்லாதது எந்தக் கணக்கிலும் வராது. இன்றைக்கு இனம் விவரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இதேதான் நடக்கிறது.

பழைய லேப்

என் அனுபவம் ஒரு வரி: முதல் பேப்பருக்கு 'இம்பேக்ட் ஃபேக்டர் 5.7' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு ஜர்னலுக்குக் கடன் வாங்கி எட்டாயிரம் ரூபாய் கட்டினேன். அந்த எண்ணை அவர்களே போட்டுக்கொண்டது, இரண்டே வருடத்தில் இணையதளமே காணாமல் போனது, என் பேப்பரும் அதோடு போனது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்கோப் பக்கத்தை நம்பாதீர்கள், வயல்நண்டு செய்ததை அனுப்புவதற்கு முன்னால் செய்யுங்கள்: இரண்டு வருட உள்ளடக்கத்தில் உங்கள் மாதிரி பேப்பர் ஐந்தாவது இருக்கிறதா என்று பாருங்கள். எண் உண்மையா என்று ஜர்னலின் முகப்பில் பார்க்காமல் கிளாரிவேட் பட்டியலிலேயே பாருங்கள், நூலகரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். எண்ணை ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: 'விலங்கியல்' என்ற பிரிவில் நடத்தை, உடலியங்கியல், சூழலியல் ஜர்னல்களும் சேர்ந்தே நிற்கின்றன, அவற்றோடு வகைப்பாட்டியல் ஜர்னலை வரிசைப்படுத்துவது ஓட்டப்பந்தயத்தில் மரம் நடுகிறவனை நிறுத்துவது போல. விண்ணப்பத்தில் இம்பேக்ட் ஃபேக்டரோடு மேற்கோள் அரை ஆயுளையும் எழுதுங்கள், பழைய பேப்பர்கள் எவ்வளவு காலம் பயன்படுகின்றன என்பது அதில் தெரியும்.

புது இனம் என்றால் இன்னும் கவனம். இணையத்தில் மட்டும் வரும் ஜர்னலாக இருந்தால், விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின் 2012 திருத்தத்தின்படி ஜூபேங்க் என்ற பெயர்ப் பதிவேட்டில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண் பேப்பருக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வைத்த பெயர் செல்லாது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி புது இனத்தின் மாதிரியை அரசு குறிப்பிட்ட காப்பகத்தில் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். ஹோலோடைப்பை உங்கள் லேப் அலமாரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கைடு ஓய்வுபெற்ற மறுமாதம் அலமாரியைக் காலி செய்தார்கள், ஃபார்மலின் பாட்டில்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக, வெளிநாட்டு ஜர்னல்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், கோயம்புத்தூரிலிருந்தே ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா 2009 முதல் வருகிறது, நம் ஓடை நண்டை வட்டார ஆர்வம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

வயல்நண்டு

பழைய லேப் ஐயா, எல்லாம் சரி. ஆனால் அந்த ஃபார்மலின் பாட்டில்கள் கதையைத்தான் நீங்கள் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். அதில் ஹோலோடைப் இருந்ததா?

பழைய லேப்

இரண்டு இருந்தன. நான் லேபிள் எழுதியவை.

எட்டுக்கால்

ஐயா, அதைப் படித்ததும் எழுந்துபோய் என் சிலந்திகளின் காப்பகச் சேர்க்கை எண்களை எடுத்துச் சரிபார்த்துவிட்டு வந்தேன். நான்கும் பத்திரமாக இருக்கின்றன.

தென்னந்தோப்பு எழுதியதைப் படித்தபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன மாதம் இலங்கையிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். அவர் பிடித்த சிலந்தி என் மூன்றாவது இனமாக இருக்கலாம், ஆண் சிலந்தியின் பெடிபால்ப்பை (வாய்க்குப் பக்கத்தில் உள்ள குட்டிக்கால் போன்ற உறுப்பு) பக்கவாட்டில் வரைந்த படம் இருந்தால் அனுப்ப முடியுமா என்று. பேப்பரில் கீழ்ப்புறப் படம்தான் இருக்கிறது. பக்கவாட்டுப் படம் பென்சிலில் வரைந்து வைத்தது பழைய நோட்டில் இருக்கிறது. இன்று இரவு ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.